மரை

போன வருஷம் சிமெண்டு.
அதற்கு முந்தைய வருஷம் ஓய்வூதியச் சட்டத் திருத்தம்,
நாற்பது நிமிஷம், இரண்டு துரத்தல் காட்சிகளோடு.
இந்தத் தடவை திருகாணி.

பிர்னோ நகரத்தில், டிராம் பணிமனைக்குப் பின்னால்,
ஒரு நிலவறையில் இருக்கிறது என் ஒலிக்கூடம்.
திரையில் யார் நடந்தாலும் நடப்பது என் செருப்பு.
எலும்பு முறிந்தால் அது செலரித் தண்டு.
ஆள் விழுந்தால் ஈர மாவு மூட்டை.

இயக்குநர் ராதோவான் வந்து
நனைந்த குடையை என் சரளைப் பெட்டிமேல் சாய்த்தான்.
"பதினோரு நாள் கூட்டம். இரண்டு நாட்டு டிராக்டர் ஆலைகள்.
இந்த ஊர் நட்டு அந்த ஊர் போல்ட்டில் ஏறாது.
மரையின் கோணம் ஐம்பத்தைந்தா, அறுபதா,
அவ்வளவுதான் கதை.
பார்க்கிறவன் நகம் கடிக்கணும்."

கடிக்க வைத்தோம்.
கோணமானியை மேசையில் வைத்தால் இடி.
கோப்பைத் திறந்தால் சிறைக்கதவு.
பொறியாளராக நடித்த பெண்
வரைபடத்தை மார்போடு அணைத்து மழையில் ஓடினாள்;
எங்கே ஓடுகிறாள் என்று எழுதியவனுக்கே தெரியாது.
ஹங்கேரிக்காரர் எழுந்து சன்னலைச் சாத்துகிற இடத்தில்
நாற்பது வயலின்.
கடைசியில் நட்டு ஏறும்போது
உறையிலிருந்து வாள் உருவுகிற சத்தம்.
அது என் யோசனை.
ராதோவான் என்னைக் கட்டிக்கொண்டான்.

புதன்கிழமை, தொழிற்கல்லூரி அரங்கில் திரையிடல்.
முப்பத்தோரு பேர்.
அதில் நாலு பேர் வெளியே பெய்த பனிக்கு ஒதுங்கியவர்கள்.

நிஜப் பொறியாளரும் வந்திருந்தார். ஸ்தீஸ்லவா.
மடியில் மளிகைப் பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் கீரைக்கட்டு.
தான் மழையில் ஓடுவதைப் பார்த்ததும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

"கூட்டம் ஜூலையில் நடந்தது," என்றார் வெளியே,
ஆறிப்போன காபியோடு.
"மழையே கிடையாது.
சன்னலைச் சாத்தியது ஒரு குளவிக்காக."

கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

"ஒன்பதாம் நாள் சாயங்காலம்
சண்டைபோட யாரிடமும் எதுவும் மிச்சமில்லை.
அவர் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து
தலைகீழாக மேசைமேல் நிறுத்தினார்.
அதன் நுனியில் என் நட்டை வைத்து ஒரு சுண்டு சுண்டினேன்.
சுற்றிச் சுற்றி அடிவரைக்கும் இறங்கியது.
பதினாலு பேர் இருந்தோம். ஒருவரும் மூச்சு விடவில்லை.
அது படத்தில் இல்லையே?"

"என்ன சத்தம் கேட்டது?" என்றேன். தொழில் புத்தி.

"சத்தமா? கேட்டால் மரை தப்பு.
உங்கள் படத்தில் அந்தக் கிறீச் வந்ததும்
ஐயோ, எதுவோ உடைந்துவிட்டது என்று பதறிப்போனேன்."

சாவிக்கொத்திலிருந்து அந்த ஜோடியைக் கழற்றித் தந்தார்.
இனாமாக இல்லை.
"திங்கட்கிழமை திருப்பித் தரணும்."

மரை கழன்றவன் என்று சொல்வார்கள்;
அன்றிரவு என்னைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.
ஹீட்டரை அணைத்தேன். ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினேன்.
கடைசி டிராம் போய் நிலவறை அடங்கும்வரை காத்திருந்தேன்.
மைக்கை ஒரு விரல் தூரத்துக்குக் கொண்டுபோய்ச்
சுண்டினேன்.

முள் அசையவில்லை.

மறுபடி. மறுபடி.
ஏழாவது தடவை கேட்டதாகத் தோன்றியது;
அது என் மூக்கு.

ஆனாலும் பதிந்தேன், பெயர் எழுதினேன்,
அலமாரியில் அகர வரிசைப்படி வைத்தேன்:
'மரம், முறிதல்' என்பதற்கும்
'மழை, தகரக் கூரை' என்பதற்கும் நடுவில்.

அடுத்தது தானியக் கிடங்கின் ஈரப்பதமாம்.
ராதோவானுக்கு இதயத் துடிப்பு வேண்டும்.
தோல்பந்தை ஈரத்துணியில் சுற்றித் தட்டினால் வரும்.
சரி என்றேன், வாடகை இருக்கிறது.
திங்கட்கிழமை மட்டும்
முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.